பிரசவ வலி வந்ததும் ஒரு மாத்திரை

நெவிரப்பின் ஒரு சின்ன மாத்திரை. 200 மில்லிகிராம். எச்.ஐ.வி. இருக்கிற கர்ப்பிணிக்குப் பிரசவ வலி எடுத்ததும் ஒன்று கொடுக்க வேண்டும். குழந்தை பிறந்த மூன்று நாளுக்குள் அதே மருந்தைத் திரவமாக ஒரே ஒரு வேளை குழந்தைக்கும் புகட்ட வேண்டும்.

அவ்வளவுதான். தாயிடமிருந்து குழந்தைக்குக் கிருமி தொற்றுவது கிட்டத்தட்டப் பாதியாகக் குறையும். உகாண்டாவில் நடந்த ஓர் ஆய்வு 1999இல் இதைக் காட்டியது. (இன்று இதைவிட எவ்வளவோ நல்ல சிகிச்சை வந்துவிட்டது. ஒற்றை மாத்திரை முறையைக் கைவிட்டாயிற்று. ஆனால் அன்றைக்கு ஓர் ஏழை ஊர் ஆஸ்பத்திரியில் கொடுக்க முடிந்தது இதுதான்.)

2000 ஜூலையில், மருந்தைத் தயாரிக்கும் ஜெர்மன் நிறுவனமான போரிங்கர் இங்கல்ஹைம், வளரும் நாடுகளுக்கு இதை ஐந்து வருஷம் இலவசமாகத் தருகிறோம் என்று சொன்னது.

மருந்து இருக்கிறது. வேலை செய்கிறது. காசும் தர வேண்டியதில்லை.

தென்னாப்பிரிக்க அரசு என்ன செய்தது? மாகாணத்துக்கு இரண்டு இடம், ஒன்பது மாகாணத்துக்கும் சேர்த்து 18 இடங்களில் மட்டும் பரிசோதனையாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்றது. மற்ற அரசு ஆஸ்பத்திரிகளில் டாக்டர் கொடுக்க நினைத்தாலும் கொடுக்கக்கூடாது. தனியாரிடம் போகிற வசதி இருந்தால் வாங்கிக்கொள்ளலாம். அந்தக் காலத்தில் அங்கே ஆண்டுக்குச் சுமார் 70,000 குழந்தைகளுக்குத் தாய்வழியாக எச்.ஐ.வி. தொற்றிக்கொண்டிருந்தது.

மருந்துக்கும் குழந்தைக்கும் நடுவில் நின்ற இந்தத் தடையை அகற்றியவர்கள் பெரும்பாலும் நோயாளிகள். பெரிய படிப்பு படித்தவர்கள் அவர்களில் குறைவு. வேலையில்லாத இளம் பெண்கள் அதிகம்.

அந்த இயக்கத்தின் பெயர் ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெயின். சுருக்கமாகச் சிகிச்சை இயக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

தொடங்கிய நாள் 1998 டிசம்பர் 10, மனித உரிமை நாள். இடம் கேப்டவுனில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தின் படிக்கட்டு. நிறவெறி ஆட்சிக் காலத்தில் எத்தனையோ போராட்டங்கள் கூடிய அதே இடம். அன்று வந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர்தான். ஒரு நாள் உண்ணாவிரதம் இருந்து, போகிறவர் வருகிறவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். கேட்டது ஒன்றே ஒன்று: எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளுக்கு அரசு மருந்து தர வேண்டும்.

முன்னால் நின்றவர் ஸாக்கி அக்மத். 1962இல் பிறந்தவர். சிறுவயதிலேயே நிறவெறி எதிர்ப்பில் இறங்கிச் சிறை பார்த்தவர். 1990இல் தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை அறிந்தவர். அவர் ஒரு சபதம் எடுத்தார். அரசு ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் மருந்து கிடைக்கும்வரை தானும் மருந்து சாப்பிடுவதில்லை. வாங்கித்தர நண்பர்கள் தயாராக இருந்தார்கள். 2002இல் நெல்சன் மண்டேலா அவர் வீட்டுக்கே வந்து மருந்து எடுத்துக்கொள்ளும்படி கேட்டார். அப்போதும் சபதத்தை விடவில்லை.

(இந்தச் சபதம் சரியா என்று இயக்கத்துக்குள்ளேயே பலர் சங்கடப்பட்டார்கள். ஒருவர் செத்துப்போனால் போராட்டத்துக்கு என்ன லாபம் என்ற கேள்வியில் நியாயம் உண்டு. ஆனாலும், காசுள்ளவன் பிழைப்பான், இல்லாதவன் சாவான் என்ற கணக்கை நாட்டுக்கு அதைவிட எளிதாக யாரும் விளங்கவைக்கவில்லை.)

இயக்கம் தொடங்கிய 1998 டிசம்பரிலேயே இன்னொன்றும் நடந்தது. டர்பனுக்குப் பக்கத்தில் க்வாமாஷு என்ற குடியிருப்பு. அங்கே கூகு ட்லாமினி என்ற பெண், தனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். அக்கம்பக்கத்தவர்களே அவரை அடித்துக் கொன்றார்கள்.

இதற்குப் பிறகு சிகிச்சை இயக்கத்தார் ஒரு டி-ஷர்ட் அச்சடித்தார்கள். மார்பில் பெரிய எழுத்தில் "எச்.ஐ.வி. பாசிட்டிவ்". கிருமி இருக்கிறவர், இல்லாதவர் எல்லோரும் அதையே போட்டுக்கொண்டார்கள். பஸ்ஸில், கடையில், ஊர்வலத்தில், நீதிமன்ற வாசலில். யாருக்கு இருக்கிறது யாருக்கு இல்லை என்று பார்த்துச் சொல்ல முடியாது. ஒருத்தியைத் தனியாகப் பிரித்து அடிக்க முடியாது. 2002 டிசம்பரில் மண்டேலாவும் காயலிட்ஷாவில் அதே டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு நின்றார்.

காயலிட்ஷா கேப்டவுனின் விளிம்பில், மணல்வெளியில் தகரக் கொட்டகைகளாகப் பரந்து கிடக்கும் கறுப்பினக் குடியிருப்பு. இந்தக் கதையின் மையம் அங்கேதான் இருக்கிறது. ஏனென்றால் இயக்கத்தின் மிகப் பெரிய வேலை ஊர்வலத்தில் நடக்கவில்லை. வகுப்பில் நடந்தது.

"சிகிச்சைக் கல்வி" என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். கிளினிக்கில் காத்திருக்கும் இடத்தில், தேவாலயக் கூடத்தில், யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் பத்து இருபது பேர் உட்காருவார்கள். எல்லோரையும் போல எச்.ஐ.வி.யோடு வாழும் ஒரு தொண்டர் எழுந்து ஷோசா மொழியிலோ சூலு மொழியிலோ பாடம் எடுப்பார். கிருமி உடம்புக்குள் எப்படி நுழைகிறது? சிடி4 என்றால் என்ன? எந்த மருந்து கிருமியின் வளர்ச்சியை எந்தக் கட்டத்தில் தடுக்கிறது? ஒரு வேளை தவறினால் என்ன ஆகும்? பக்கவிளைவு எது, ஆபத்தின் அறிகுறி எது?

(நோய் எதிர்ப்புச் சக்திக்குச் சூலு மொழியில் ஓர் அழகான சொல் இருக்கிறது. அமசோட்ஷா ஒம்ஸிம்பா. உடம்பின் சிப்பாய்கள். சிடி4 அணு என்பதைப் பக்கம் பக்கமாக விளக்குவதைவிட, சிப்பாய் எத்தனை பேர் மிச்சம் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கும் சோதனை என்றால் பாட்டிக்கும் புரியும்.)

இன்னொரு பயிற்சியும் உண்டு. தரையில் பெரிய தாளை விரித்து, அதில் ஒரு பெண்ணைப் படுக்கவைத்து, உடம்பைச் சுற்றிக் கோடு போடுவார்கள். அந்த வடிவத்துக்குள் தழும்பு எங்கே, கிருமி எங்கே, மருந்து எங்கே, பலம் எங்கே என்று அவளே வரைவாள், எழுதுவாள். உடல் வரைபடம் என்று பெயர். காயலிட்ஷாவின் பம்பனானி பெண்கள் குழு வரைந்த படங்களும் சொன்ன கதைகளும் 2003இல் புத்தகமாகவே வந்தன.

இப்படிப் படித்தவர்கள் சும்மா இருப்பார்களா? தன் ரத்தப் பரிசோதனைச் சீட்டை வாங்கி, எண்ணைப் பார்த்து, "எனக்கு ஏன் இந்த மருந்து தரவில்லை?" என்று டாக்டரிடமே கேட்கத் தொடங்கினார்கள்.

அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்பது அன்றைய பேச்சுகளைப் பார்த்தால் தெரியும். 2001இல் அமெரிக்க உதவி அமைப்பான யுஎஸ்எய்டின் தலைவர் ஆண்ட்ரூ நாட்சியோஸ், ஆப்பிரிக்கர்களுக்குக் கடிகார நேரம் பழக்கமில்லை, வேளாவேளைக்கு மாத்திரை சாப்பிட அவர்களால் முடியாது என்ற பொருளில் பேசினார். அதே வருஷம் மே மாதம், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு காயலிட்ஷாவில் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியது. தகரக் கொட்டகையில் வாழ்ந்தவர்கள் மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டார்கள். பிழைத்தார்கள். கணக்கு எழுதி வைத்ததால் உலகத்துக்கும் தெரிந்தது.

விலைக்கு வருவோம்.

1996இல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தபோது ஒருவருக்கு ஆண்டுச் செலவு 10,000 டாலருக்கும் மேல். 1997இல் மண்டேலா அரசு, விலை குறைந்த மருந்தை வெளிநாட்டிலிருந்து வாங்க வழி செய்யும் ஒரு சட்டத் திருத்தத்தைக் கொண்டுவந்தது. உடனே மருந்து நிறுவனங்கள் அதற்கு எதிராக வழக்குப் போட்டன. கடைசியில் வழக்கில் நின்றவை 39 நிறுவனங்கள்.

இந்த இடத்தில் இயக்கம் செய்ததைக் கவனிக்க வேண்டும். எச்.ஐ.வி. விஷயத்தில் அரசோடு அவர்களுக்குத் தீராத சண்டை. ஆனாலும் விலை வழக்கில் அரசின் பக்கம் நின்றார்கள். 2001 மார்ச்சில் நீதிமன்றத்துக்கு உதவும் தரப்பாக உள்ளே போய், நோயாளிகளின் வாக்குமூலங்களைத் தாக்கல் செய்தார்கள். வெளியே உலகம் முழுக்க ஆர்ப்பாட்டம். 2001 ஏப்ரல் 19 அன்று நிறுவனங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

அதற்கு முன்பே ஒரு மருந்தைக் கையோடு கொண்டுவந்தும் காட்டியிருந்தார்கள். ஃப்ளூகோனசோல். எய்ட்ஸ் முற்றியவர்களுக்கு வாயிலும் உணவுக்குழாயிலும் பூஞ்சை படர்ந்து, தண்ணீர்கூட விழுங்க முடியாமல் போகும். வேறொரு பூஞ்சை மூளையுறையைத் தாக்கினால் உயிர் போகும். இரண்டுக்குமான மருந்து இது. ஃபைசர் நிறுவனத்திடம் காப்புரிமை இருந்ததால் விலை எட்டாத உயரத்தில். கிறிஸ்டஃபர் மொராக்கா என்ற தொண்டர், விழுங்க முடியாத தன் நிலையை நாடாளுமன்றக் குழுவின் முன் போய்ச் சொன்னார். சில வாரங்களில், 2000 ஜூலையில், இறந்தார். அக்டோபரில் ஸாக்கி அக்மத் தாய்லாந்துக்குப் போய், அங்கே பல மடங்கு குறைந்த விலைக்கு விற்ற அதே மருந்தை ஆயிரக்கணக்கில் வாங்கிவந்தார். காப்புரிமையை மீறிக் கொண்டுவருகிறோம் என்று அறிவித்துவிட்டே கொண்டுவந்தார். அந்த மீறல் போராட்டத்துக்கு மொராக்காவின் பெயரையே வைத்தார்கள்.

எய்ட்ஸ் மருந்து விலையை உடைத்த கை மும்பையிலிருந்து வந்தது. 2001 பிப்ரவரியில் சிப்லா மருந்து நிறுவனத்தின் யூசுஃப் ஹமீது, மூன்று மருந்துக் கூட்டை எல்லைகளற்ற மருத்துவர்களுக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருகிறேன் என்றார். நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவு!

சிப்லாவால் எப்படி முடிந்தது? அன்றைய இந்தியாவில் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, தயாரிக்கும் முறைக்கு மட்டும்தான். வேறு முறையில் அதே மருந்தை யாரும் தயாரிக்கலாம். 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் தந்த வசதி அது. அந்தச் சட்டத்துக்கு அடித்தளம் 1959இல் என். ராஜகோபால அய்யங்கார் எழுதிய அறிக்கை. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர். எச்.ஐ.வி. என்ற கிருமியையே அன்று யாருக்கும் தெரியாது. அவர் அறிக்கையின் வழி வந்த மாத்திரைகள் பின்னாளில் ஆப்பிரிக்கா முழுக்கப் போய்ச் சேர்ந்தன. (தமிழர்கள் இவரை இன்னும் கொஞ்சம் நினைவில் வைத்திருக்கலாம்.)

விலை குறைந்தது. ஆனால் தென்னாப்பிரிக்க அரசு அசையவில்லை. 1999இல் அதிபரான தாபோ எம்பெக்கிக்கு, எய்ட்ஸுக்குக் காரணம் எச்.ஐ.வி.தானா என்பதிலேயே சந்தேகம். எச்.ஐ.வி.யை மறுப்பவர்களையும் சேர்த்து 2000இல் ஒரு ஆலோசனைக் குழு அமைத்தார். சுகாதார அமைச்சர் மான்டோ ஷபலாலா-எம்சிமாங், மருந்து விஷம் என்பதுபோல் பேசி, பூண்டையும் பீட்ரூட்டையும் எலுமிச்சையையும் முன்னிறுத்தினார். 1990இல் கர்ப்பிணிகளில் ஒரு சதவீதத்துக்கும் கீழே இருந்த எச்.ஐ.வி., 2000இல் 24.5 சதவீதத்தைத் தொட்டிருந்தது. நாலில் ஒரு கர்ப்பிணி. இதைத் தெரிந்துகொண்டே நாட்டுத் தலைமை இப்படிப் பேசியது மன்னிக்க முடியாதது.

2000 ஜூலையில் டர்பனில் உலக எய்ட்ஸ் மாநாடு. ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். தொடக்க விழாவில் 11 வயது என்கோசி ஜான்சன் மேடையேறி, கர்ப்பிணிகளுக்கு அரசு மருந்து தர வேண்டும் என்று கேட்டான். தாய்வழியாகக் கிருமி தொற்றிய பிள்ளை. அடுத்த ஜூன் மாதம் இறந்துபோனான்.

பேசிப் பார்த்தார்கள், கடிதம் எழுதினார்கள். கடைசியில் 2001 ஆகஸ்டில் வழக்கு. இயக்கத்தோடு குழந்தைகள் நல மருத்துவர் ஹரூன் சலூஜியும் குழந்தை உரிமை மையமும் சேர்ந்துகொண்டார்கள்.

தென்னாப்பிரிக்க அரசியல் சாசனத்தின் 27ஆம் பிரிவு, எல்லோருக்கும் மருத்துவ வசதி பெறும் உரிமை உண்டு என்கிறது. ஆனால் அடுத்த வரியிலேயே, அரசு தன்னிடம் இருக்கும் வளத்துக்குள் படிப்படியாக அதை நிறைவேற்ற வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தப் "படிப்படியாக" எவ்வளவு கொடுமையாக முடியலாம் என்பதற்கு முன்னுதாரணம் இருந்தது. 1997இல் டர்பனைச் சேர்ந்த 41 வயது நோயாளி ஒருவர், சிறுநீரகம் செயலிழந்த நிலையில் டயாலிசிஸ் கேட்டு அரசியல் சாசன நீதிமன்றம் போனார். இயந்திரங்கள் குறைவு, எல்லோருக்கும் தர வளமில்லை என்று நீதிமன்றம் மறுத்தது. அவர் விரைவிலேயே இறந்தார். சட்டப் புத்தகங்களில் அது சூப்ரமணி வழக்கு. (ஆமாம், சுப்பிரமணிதான். 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர்களின் பெயர்கள் அங்கே இப்படி உருமாறிக் கிடக்கின்றன.)

ஆகவே, உரிமை இருக்கிறது என்று மட்டும் வாதாடினால் தோற்பார்கள். வளம் இருக்கிறது, இருந்தும் தரவில்லை என்று நிரூபிக்க வேண்டும். வகுப்பில் படித்ததெல்லாம் இங்கே கைகொடுத்தது.

அரசு நாலு காரணம் சொன்னது. தாய்ப்பால் கொடுத்தால் குழந்தைக்கு அதன் வழியாகத் தொற்றும், மாத்திரை வீண். இயக்கம் தந்த பதில்: சில குழந்தைகளுக்கு அப்படி ஆகலாம், பிரசவத்தில் தப்பிய மற்றக் குழந்தைகளை ஏன் விட வேண்டும்? மருந்துக்குக் கிருமி பழகிவிடும் என்றது அரசு. அந்த அபாயத்தையும், உறுதியாகச் சாவை நோக்கிப் போகிற குழந்தையையும் ஒரே தராசில் வைக்க முடியாது. பாதுகாப்பு தெரியாது என்றது. அரசின் சொந்த மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2001இல் இதே பயன்பாட்டுக்கு அனுமதி தந்திருந்தது. ஆட்கள் இல்லை, வசதி இல்லை என்றது. மேற்குக் கேப் மாகாணம் 18 இடம் என்ற வரம்பைத் தாண்டி ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தது. ஒரு மாகாணத்தால் முடிந்திருக்கிறது!

மருத்துவர்களும் செவிலியர்களும் பொருளாதார அறிஞர்களும் வாக்குமூலம் கொடுத்தார்கள். அவற்றோடு தாய்மார்களின் வாக்குமூலங்களும் இருந்தன. மருந்து கேட்டு மறுக்கப்பட்டவர்கள், குழந்தையைப் பறிகொடுத்தவர்கள்.

2001 டிசம்பர் 14 அன்று பிரிட்டோரியா உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிறிஸ் போத்தா இயக்கத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னார். அரசு மேல்முறையீடு செய்தது. 2002 ஜூலை 5 அன்று அரசியல் சாசன நீதிமன்றமும் அதே பக்கம் நின்றது. பரிசோதனை இடங்களுக்கு வெளியே மருந்தைத் தடுப்பது நியாயமற்றது, தடையைத் தாமதமின்றி நீக்க வேண்டும், மருத்துவர் தேவையென்று கருதும் இடத்தில் மருந்து கிடைக்க வேண்டும், ஆலோசகர்களுக்குப் பயிற்சி தர வேண்டும்.

தீர்ப்பு வந்தவுடன் மாத்திரை தானாக வந்துவிடவில்லை. ம்புமலாங்கா மாகாணம் இழுத்தடித்தது. அவமதிப்பு வழக்குப் போட வேண்டியிருந்தது. கிளினிக் கிளினிக்காகத் தொண்டர்கள் போய், மருந்து வந்ததா, கொடுக்கிறார்களா என்று பார்த்தார்கள். (தீர்ப்பை வாங்கி ஃப்ரேம் போட்டு மாட்டிவிட்டு வீட்டுக்குப் போகிற இயக்கங்கள் நிறைய உண்டு. இது போகவில்லை.)

மேலும், இந்த மாத்திரை குழந்தையைக் காப்பாற்றும். அம்மாவை? அடுத்த கோரிக்கை அது. எல்லோருக்கும் முழுச் சிகிச்சை. 2003 பிப்ரவரி 14 அன்று கேப்டவுனில் நாடாளுமன்றத்தை நோக்கிப் பல்லாயிரம் பேர் நடந்தார்கள். மார்ச்சில் சட்டமறுப்பு. காவல் நிலையங்களுக்குப் போய் சுகாதார அமைச்சர்மேல் உயிரிழப்புக்குக் காரணமானவர் என்று புகார் கொடுத்து, கைதாகத் தயாராக நின்றார்கள். நிறவெறியை எதிர்த்த நாட்களின் பாட்டுகளே இப்போது தாங்கள் ஓட்டுப் போட்ட அரசின் முன்னால் ஒலித்தன. அது அவர்களுக்கு எளிதாக இருந்திருக்காது.

மறுபக்கம் விலைச் சண்டையும் நிற்கவில்லை. கிளாக்ஸோ ஸ்மித்க்லைனும் போரிங்கரும் அளவுக்கு மீறி விலை வைக்கின்றன என்று வணிகப் போட்டி ஆணையத்திடம் 2002இல் புகார் கொடுத்தார்கள். 2003 அக்டோபரில் ஆணையம் புகாரை ஏற்றது. டிசம்பரில் இரண்டு நிறுவனங்களும் மற்றவர்கள் தயாரிக்க உரிமம் தர ஒப்புக்கொண்டன.

2003 நவம்பர் 19. அமைச்சரவை நாடு முழுவதற்குமான சிகிச்சைத் திட்டத்தை ஏற்றது. சில மாதங்களுக்கு முன், அந்த முடிவு நெருங்கிவிட்டது தெரிந்ததும், இயக்கத்தார் கேட்டுக்கொண்டதற்கு இணங்கி ஸாக்கி அக்மத் மருந்து சாப்பிடத் தொடங்கியிருந்தார்.

தாமதத்தின் விலை? ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008இல் கணக்குப் போட்டார்கள். 2000 முதல் 2005 வரை மருந்து தராததால் பறிபோன உயிர்கள் 3,30,000க்கும் மேல். கிருமியோடு பிறந்த குழந்தைகள் 35,000.

கிடைத்தது என்ன என்றும் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் எச்.ஐ.வி. சிகிச்சைத் திட்டம் இன்று உலகிலேயே பெரியது. ஐம்பது லட்சத்துக்கும் அதிகமானோர் மருந்தில் இருக்கிறார்கள். 2005 வாக்கில் 54ஐ ஒட்டி விழுந்திருந்த சராசரி ஆயுள், அடுத்த பதினைந்து வருஷத்துக்குள் 60ஐத் தாண்டியது.

குறைகளும் தீர்ந்துவிடவில்லை. 2014இல் இயக்கம் நிதியில்லாமல் மூடும் நிலைக்கே வந்தது. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா உதவிப் பணத்தை வெட்டியதும் கிளினிக்குகளில் ஆட்கள் குறைந்தார்கள். மருந்து தீர்ந்துபோவது, நாள் முழுக்க வரிசையில் நிற்பது, எல்லார் முன்னாலும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எல்லாம் பழைய நோய்கள்.

அதற்காகத்தான் ரிட்ஷிட்ஸே. வெண்டா மொழியில் "நம் உயிரைக் காப்பது" என்று பொருள். எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவர்களின் அமைப்புகள் சேர்ந்து 2019இல் தொடங்கிய கண்காணிப்பு. அரசுக் கிளினிக்குகளுக்கு அந்தந்த வட்டாரத்து ஆட்களே கேள்வித்தாளோடு போகிறார்கள். எத்தனை மணிக்குத் திறந்தார்கள்? எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்? எந்த மருந்து இல்லையென்றார்கள்? ஊழியர் மரியாதையாகப் பேசினாரா? பதில்களைத் தொகுத்து முதலில் அந்தக் கிளினிக்கின் பொறுப்பாளரிடம் கொண்டுபோகிறார்கள். சரியாகவில்லை என்றால் மாவட்டம், பிறகு மாகாணம். சில மாதம் கழித்து அதே கேள்வித்தாளோடு அதே கிளினிக்குக்குத் திரும்பவும் போகிறார்கள்.